படகோடு கூடவே வரும் பழங்கணக்கு

மனை வாங்கப் போகிறவர் மண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார், ஒரு வக்கீலிடம் காட்டுவார். பழைய கார் வாங்கப் போகிறவருக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் போதும். பிரிட்டனில் பழைய மோட்டார் குரூசர் வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் காரை நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். இன்ஜின், ஸ்டியரிங், பளபளப்பான உடல், இருக்கை, மெத்தை என்று எல்லாம் காரைப் போலவே இருப்பதால் வரும் எண்ணம் அது. ஆனால் சட்டத்தின் கண்ணில் படகு நிலத்தைப் போன்றது. பழைய கடனும் பழைய வழக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கடல்நீரும் அப்படித்தான்: பத்து வருடத்துக்கு முன் செய்யாமல் விட்ட வேலைக்கு இன்று கூலி கேட்கும். ஆகவே பழைய படகை வாங்குகிறவர் உண்மையில் அதன் கடந்த காலத்தையே வாங்குகிறார். அந்தக் கடந்த காலம் கண்ணுக்குத் தெரிகிற வரையில் பணம் கைமாறக் கூடாது. விற்பவருக்கும் அதுவே நல்லது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் குரூசர் என்பது பாய்மரம் இல்லாமல் இன்ஜினால் மட்டும் ஓடுகிற, இரவு தங்கிப் பயணம் போக வசதியுள்ள உல்லாசப் படகு. உள்ளே படுக்கை, சிறு அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். தேம்ஸ் ஆற்றிலும், நார்ஃபோக் பிராட்ஸ் என்ற நீர்வழிகளிலும், விண்டர்மியர் ஏரியிலும், தெற்குக் கரையில் சோலண்ட் நீரிணையிலும் இவற்றை வரிசை வரிசையாகக் காணலாம். புதிதாக வாங்கினால் வீட்டு விலைக்கு நிகராகப் போகக்கூடிய பொருள் இது. முப்பது வருடம் ஓடிய பிறகு அதே படகு ஒரு சாதாரணக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்று, ‘நாமும் வாங்கிவிடலாமே’ என்று நினைக்கத் தொடங்குவது அந்த விலையைப் பார்த்துத்தான். அங்கே குடியேறிய தமிழர்களுக்கும் இந்த ஆசை புதிதல்ல. ஆசையில் குற்றம் இல்லை. அது எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல் கேள்வி, இந்தப் படகு யாருடையது என்பது. பிரிட்டனில் காருக்கு அரசு தரும் பதிவுப் புத்தகம் உண்டு. தன் நாட்டு நீரிலேயே ஓடும் உல்லாசப் படகை அங்குள்ள கப்பல் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டுப் பதிவு செய்பவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதி, உரிமையாளர் யார் என்பதையும் படகின் மேல் அடமானம் இருந்தால் அதையும் பதிவு செய்கிறது. கப்பல் ஒன்றின் உடைமையை 64 பங்குகளாகப் பிரிக்கும் பழைய வழக்கம் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்றொன்று மூன்றாம் பகுதியான சிறு கப்பல் பதிவேடு. செலவு குறைவு, வேலையும் எளிது என்பதால் பெரும்பாலானோர் நாடுவது இதைத்தான். 24 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கான இந்தப் பதிவு, வெளிநாட்டுத் துறைமுகத்தில் ‘இது பிரிட்டிஷ் படகு’ என்று காட்ட உதவும். இன்னாருக்குச் சொந்தம் என்பதற்கு அது சான்றாகாது. அடமானம் எதையும் அது பதிவு செய்வதில்லை. அரசு முத்திரையோடு ஒரு சான்றிதழை விற்பவர் நீட்டியதும் மனம் சமாதானமாகிவிடுவதே இயல்பு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வீட்டு வரி ரசீதைக் காட்டி வீட்டை விற்பதற்கு ஒப்பானது அது.

அப்படியானால் உரிமைக்கு எதுதான் சான்று? கைமாறிய ஒவ்வொரு முறையும் எழுதப்பட்ட விற்பனைப் பத்திரங்களின் தொடர்தான். படகு கட்டியவரின் சான்றிதழில் தொடங்கி, முதல் உரிமையாளர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று இன்றைய விற்பனையாளர் வரை அந்தச் சங்கிலி வர வேண்டும். கண்ணி ஒன்று விடுபட்டிருந்தால் விற்பவர் கெட்டவர் என்று பொருளில்லை. ஆனால் தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால், காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் பொதுவாக உரிமை கிடைக்காது என்பது ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை விதி. திருட்டுப் படகு என்று பின்னால் தெரிந்தால் படகும் போகும், பணமும் போகும். இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. அண்மைக் காலத்துப் படகுகளில், எழுத்தும் எண்ணுமாக 14 குறிகள் கொண்ட அடையாள எண் பின்பலகையின் வலப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அதே எண் மறைவான வேறோர் இடத்திலும் இருக்கும். பத்திரத்தில் உள்ள எண்ணையும் படகில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

உரிமைக்கு அடுத்து வரி. பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். படகுக்கு அந்த வரி எப்போதோ கட்டப்பட்டுவிட்டது என்று காட்டும் முதல் விலைச்சீட்டு, படகு உள்ளவரைக்கும் காப்பாற்ற வேண்டிய ஆவணம். பழைய படகுகளுக்கு ஒரு சலுகை உண்டு. 1985ஆம் ஆண்டு தொடங்குமுன் பயன்பாட்டுக்கு வந்து, 1992ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஐரோப்பியச் சமூக எல்லைக்குள் இருந்தவை வரி கட்டியவையாகவே கருதப்படும். ஆனால் அதையும் ஆவணத்தோடுதான் காட்ட வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு நெருங்கிய நேரத்தில் படகு எங்கே நின்றது என்பதைப் பொறுத்து அதன் வரி நிலை மாறிவிடுகிறது. அன்று பிரான்ஸ் கரையில் கட்டிக் கிடந்த படகை இன்று ஒருவர் வாங்கி பிரிட்டனுக்குக் கொண்டுவந்தால், மறுபடியும் வரி கேட்கப்படலாம். அன்றிரவு நின்ற இடத்தைக் காட்டும் மெரினா (வாடகைக்குப் படகு நிறுத்தும் துறை) ரசீது ஒரு துண்டுக் காகிதம்தான். விலையில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் துண்டில் தொங்குகிறது.

நிலத்தோடு நான் ஒப்பிட்டதற்கு முக்கியமான காரணம் இனிதான் வருகிறது. காரின் பழைய சொந்தக்காரர் யாரையாவது இடித்துவிட்டு ஓடியிருந்தால் வழக்கு அவர்மேல்தான் வரும், காரை வாங்கியவர்மேல் வராது. கப்பலுக்கு விதி வேறு. 1848 டிசம்பரில் ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில் ‘போல்ட் பக்ளூ’ என்ற நீராவிக் கப்பல் ‘வில்லியம்’ என்ற பாய்மரக் கப்பலில் மோதியது. இழப்பீட்டுத் தகராறு தீர்வதற்குள் நீராவிக் கப்பல் கைமாறிவிட்டது. வாங்கிய ஹார்மர் என்பவருக்கு மோதலைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. ஆனாலும் 1851இல் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. மோதிய நொடியிலேயே அந்தக் கோரிக்கை கப்பலின்மேல் ஏறிவிட்டது, கப்பல் யார் கைக்குப் போனாலும் அது கூடவே போகும் என்றது கவுன்சில். கடல்சார் பற்றுரிமை என்று சட்டம் சொல்லும் இதற்கு நம் மொழியில் ஏற்கெனவே அழகான சொல் இருக்கிறது: வில்லங்கம். மோதல் இழப்பீடு, மாலுமிகளின் சம்பள பாக்கி, ஆபத்தில் மாட்டிய கப்பலை மீட்டவருக்குச் சேரவேண்டிய கூலி ஆகியவை இந்த வகையில் அடங்கும். இந்தியாவில் 2017இல் இயற்றப்பட்ட கடல்சார் நீதி அதிகாரச் சட்டமும், உரிமையாளர் மாறினாலும் இந்தப் பற்று மாறாது என்றே சொல்கிறது. சம்பள பாக்கிக்கு இரண்டு ஆண்டு, மற்றவற்றுக்கு ஓராண்டு என்று காலக்கெடுவையும் வைத்திருக்கிறது.

வார இறுதியில் குடும்பத்தோடு போகும் சின்னப் படகுக்கு மாலுமிச் சம்பளம் பாக்கி இருக்கப் போவதில்லை. ஆனால் மோதலும் மீட்புக் கூலியும் சின்னப் படகுக்கும் வரும். அதைவிட அடிக்கடி வருவது மெரினா வாடகை பாக்கியும் பழுதுபார்த்த பட்டறையின் பாக்கியும். பணம் வரும் வரை படகைத் தன் வசமே வைத்துக்கொள்ளும் உரிமை பட்டறைக்காரருக்கு உண்டு. மெரினாவும் தன் ஒப்பந்தத்தில் அப்படியொரு உரிமையை எழுதி வைத்திருப்பது சாதாரணம். பணம் கொடுத்து, சாவியும் வாங்கிக்கொண்டு போனவரை மெரினாவின் வாசலில் நிறுத்தி முந்தையவரின் பாக்கியைக் கேட்டால் என்ன செய்வது? படகு நின்ற மெரினாவிடமும் கடைசியாக வேலை செய்த பட்டறையிடமும் ‘பாக்கி இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதற்கு மேல் இதற்கு மருந்து இல்லை. அடமானம் உண்டா என்பதை முதல் பகுதிப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பதிவாகாத படகு என்றால், கடனோ பிற உரிமைக் கோரிக்கையோ இல்லை என்று விற்பவரிடம் விற்பனைப் பத்திரத்திலேயே உறுதிமொழி எழுதி வாங்க வேண்டும்.

காகிதக் கணக்கு இவ்வளவு. நீருக்கடியில் இருக்கும் கணக்கு இதைவிட நுட்பமானது. இன்று சந்தையில் உள்ள பழைய குரூசர்களில் பெரும்பாலானவை கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்யப்பட்டவை. நம் கடற்கரையில் மீனவர்கள் பைபர் படகு என்று சொல்வதும் இதே பொருள்தான். பைபர் மக்காது, துருப்பிடிக்காது என்பது உண்மை. தண்ணீர் புகாது என்பது மட்டும் உண்மையில்லை. வெளிப்பூச்சு வழியே வருடக்கணக்கில் மிக மெல்லக் கசியும் நீர், உள்ளே சரியாக இறுகாமல் நின்ற வேதிப்பொருள்களோடு சேர்ந்து அமிலத்தன்மை கொண்ட திரவமாகிறது. அது மேலும் நீரை இழுக்க, பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. ஒரு கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடை அடிக்கும். படகு உடனே மூழ்கிவிடும் நோய் அல்ல இது. ஆனால் குணமாக்க வேண்டுமென்றால் படகைக் கரையேற்றி, பூச்சு முழுவதையும் சீவி எடுத்து, திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில் உலர்த்தி, எபாக்சி பூச வேண்டும். மலிவான படகு ஒன்றுக்கு இந்தச் செலவு வாங்கிய விலையையே தொட்டுவிடலாம். தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் படகில் இதில் ஒன்றுமே கண்ணில் படாது. மரப் படகிலும் இதே கதைதான், ஆனால் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். மேல்தளத்து இடுக்கு வழியே ஒழுகும் மழைநீர்தான் மரத்தை உளுக்க வைக்கும்.

படகின் அடியில் துளைகள் உண்டு என்பது புதிதாக வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்க ஒன்று, கழிவறைக்கு ஒன்று, தொட்டிநீர் வெளியேற ஒன்று என்று பல துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உலோக இணைப்பும் அடைப்பு வால்வும் பொருத்தியிருப்பார்கள். அந்த உலோகம் சாதாரணப் பித்தளையாக இருந்தால், கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் பொறபொறக்கும் ஒரு கூடு. கையால் தட்டினால் உடையக்கூடிய அளவுக்குப் போயிருந்தாலும் பார்வைக்கு முழுதாகவே தெரியும். இந்த இணைப்புகளுக்காக ஐரோப்பாவில் பின்பற்றப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9093 தரநெறி, அரிப்பைத் தாங்கும் பொருள் என்பதற்கு வைத்த அளவு ஐந்து ஆண்டு ஆயுள். படகின் ஆயுளோ நாற்பது, ஐம்பது ஆண்டு. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே உள்ள ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று அறுந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். 1959இல் வால்வோ பென்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய பின்புற இயக்கி அமைப்பு நிறைய குரூசர்களில் உண்டு. அதில் இன்ஜின் உள்ளே இருக்கும், புரொப்பல்லர் வெளியே தொங்கும். இரண்டையும் இணைக்கும் இடத்தில் கடலைத் தடுத்து நிறுத்துவது ரப்பர் உறை ஒன்றுதான். அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், பட்டறை ரசீதோடு பதில் சொல்பவர் ஒரு வகை விற்பனையாளர், ‘நல்லாத்தான் இருக்கு’ என்பவர் இன்னொரு வகை.

இன்ஜினைப் பொறுத்தவரை கார்க் கணக்கு நம்மைத் தலைகீழாக ஏமாற்றுகிறது. குறைவாக ஓடிய கார் நல்ல கார். குறைவாக ஓடிய படகு இன்ஜின் அப்படியிருக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்குப் படகுகள் பல ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூட ஓடுவதில்லை. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் டீசல் இன்ஜினில் உப்பு படிகிறது, டாங்கில் ஈரம் சேர்கிறது, அதில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கிறது, வெப்பமாற்றியும் புகைக்குழாய் வளைவும் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன. இருபது வருடத்தில் முன்னூறு மணி மட்டும் ஓடியது என்று பெருமையாகச் சொல்லப்படும் இன்ஜினைவிட, ஆண்டுதோறும் நூறு மணி ஓடி, ஒவ்வொரு முறையும் எண்ணெய் மாற்றிய பதிவோடு வரும் இன்ஜினை நம்பலாம். அதனால்தான் மணிக் கணக்கைவிடப் பராமரிப்புப் பதிவேடு மேலான சான்றாகிறது. முதன்முறை இயக்கும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்றும் வாங்குபவர் கேட்க வேண்டும். வருமுன்பே சூடேற்றி வைத்த இன்ஜின், கிளம்பத் திணறுவதையும் முதல் புகையின் நிறத்தையும் மறைத்துவிடும்.

இதுவரை சொன்னது பண நஷ்டம். உயிர் நஷ்டமும் இதே கதவு வழியாகத்தான் வருகிறது. 2013 ஏப்ரல் முதல் தேதி விண்டர்மியர் ஏரியில் ‘ஆர்னிஸ்டன்’ என்ற மோட்டார் குரூசரில் இருவர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தார்கள். கையில் எடுத்துச் செல்லும் ஜெனரேட்டர் ஒன்றை இன்ஜின் அறைக்குள் வைத்து, யாரோ தாமாகச் செய்த புகைக்குழாயோடு இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பு விட்டுப்போய், வாடையும் நிறமும் இல்லாத வாயு படுக்கை அறைக்குள் பரவியது என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை கண்டறிந்தது. 2019 டிசம்பரில் யார்க் நகரில் ‘டைவர்ஷன்’ என்ற குரூசரில் இருவர் இறந்தபோதும் காரணம் அதே வாயுதான். அங்கே அறையைச் சூடாக்கும் டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பு கழன்றிருந்தது. கட்டியவர்கள் வரையாத மாற்றங்கள், பார்க்க யாரும் வராத மூலைகள் எல்லாப் பழைய படகுகளிலும் இருக்கும். அடுத்து வாங்குகிறவர் அவற்றோடுதான் தூங்கப் போகிறார். உள்நாட்டு நீர்வழிகளில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெற வேண்டிய படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. தங்கும் வசதியுள்ள படகில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீ, வெடிப்பு, நச்சு வாயு, நீர் மாசு ஆகியவற்றோடு அதன் எல்லை முடிகிறது. படகின் அடிப்பாகம் உறுதியாக இருக்கிறதா, இன்ஜின் ஓடுமா என்பதை அது சோதிப்பதில்லை. அதைக் காட்டி ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று விற்பதும் வாங்குவதும் பெரிய தவறு.

ஆகவே படகைக் கரையேற்றிப் பார்க்கும் சர்வேயர் தேவை. நில அளவை சர்வேயர் அல்ல இவர். படகின் உடலைச் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டி ஒலி கேட்பார், ஈரமானியை வைத்துப் பார்ப்பார், வால்வு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்ப்பார், இரும்புப் படகாக இருந்தால் மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளப்பார். பிரிட்டனில் ஊன்றிப்போன வழக்கம் இது: விலை பேசி முடிந்ததும் வாங்குபவர் பத்து சதவீதம் முன்பணம் கட்டுவார். ‘சோதனைக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் எழுதப்படும். குறித்த நாட்களுக்குள் சோதனை முடிய வேண்டும். பெரிய குறை தெரிந்தால் வாங்குபவர் விலகி முன்பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது விலையை மறுபடி பேசலாம். படகைத் தூக்கும் கிரேன் கூலியும் சர்வேயர் கட்டணமும் வாங்குபவருடையவை. வழக்கமான சோதனையில் இன்ஜினின் உட்புறம் சேராது. அதற்குத் தனியாக ஒரு மெக்கானிக்கை அழைத்து, எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. எண்ணெயில் கலந்துள்ள உலோகத் துகள் எது என்பதை வைத்தே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். வியாபாரியிடம் வாங்கினால் ஓரளவு பார்த்துக்கொள்ளும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் திருப்திகரமான தரத்தில் இல்லாவிட்டால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் பழைய குரூசர்களில் பெரும்பகுதி தனிநபரிடமிருந்து தனிநபருக்கு, நடுவில் தரகர் வைத்தோ வைக்காமலோ போகிறது. அங்கே 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் தருவது இரண்டே காப்பு: விற்பவருக்கு உரிமை இருக்க வேண்டும், பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். தரத்துக்கு அவர் பொறுப்பில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் தவறு, கேட்காத குறையைத் தாமாகச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. வாயைத் திறந்து கேட்பதும், பதிலை எழுத்தில் வாங்குவதும் வாங்குபவரின் முதல் ஆயுதம் ஆவது இதனால்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். பதினைந்தாயிரம் பவுண்டு படகுக்கு எதற்கு இத்தனை சோதனை, இத்தனை செலவு என்பது முதல் மறுப்பு. மலிவான படகுக்குச் சோதனை தேவையில்லை என்பதைவிட, மலிவான படகுக்குத்தான் அது மிகவும் தேவை என்பதே சரி. காரணம், படகின் விலை குறைவதுபோல அதன் செலவு குறைவதில்லை. மெரினா வாடகை நீளத்தைப் பார்த்து மீட்டர் கணக்கில் வசூலிக்கப்படுகிறது, விலையைப் பார்த்தல்ல. இரட்டை இன்ஜின் என்றால் எல்லா உதிரிப் பாகமும் இரண்டு. இரண்டு லட்சம் பவுண்டுக்குக் கட்டப்பட்ட படகை இருபதாயிரத்துக்கு வாங்கியவர், இரண்டு லட்சத்துப் படகைப் பராமரிக்கும் செலவைத்தான் தலையில் ஏற்றிக்கொள்கிறார். கொப்புள வைத்தியமோ புது இன்ஜினோ வந்தால், விலையுயர்ந்த படகில் அது ஒரு பங்கு, மலிவுப் படகில் அதுவே முழு விலை. தவிரவும், வயதான படகுக்கு அண்மைச் சோதனை அறிக்கை இல்லாமல் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்குகின்றன. காப்பீடு இல்லாத படகை மெரினாக்கள் ஏற்பதில்லை. இன்று மிச்சப்படுத்தும் செலவு நாளை எப்படியும் வாசலில் வந்து நிற்கும்.

இரண்டாவது மறுப்பு: தரகர் இருக்கிறார், விற்பவரிடம் போன வருட அறிக்கையும் இருக்கிறது, அது போதாதா? தரகர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஆனால் அவர் விற்பவரின் ஆள். அவருக்குச் சம்பளம் விற்ற விலையிலிருந்து வருகிறது. பழைய அறிக்கை நல்ல தகவல், நிச்சயம் வாங்கிப் படிக்க வேண்டும். ஆனால் சர்வேயரின் பொறுப்பு பொதுவாகத் தம்மை நியமித்துக் கட்டணம் கொடுத்தவருக்கே. வேறொருவருக்காக எழுதிய அறிக்கையை நம்பி வாங்கிவிட்டு, அதில் பிழை என்று பின்னர் வழக்குப் போடுவது மிகக் கடினம். எனவே தரகர் பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்காமல், தொழிற்காப்பீடு உள்ள சர்வேயர் ஒருவரை வாங்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு விற்பவர் தரப்பிலிருந்து வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது: குறைகளை நானே எடுத்துச் சொன்னால் என் விலையை நானே குறைத்துக்கொள்வதாகாதா? இதற்குப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விடை தந்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்ச் சந்தை. எது நல்லது, எது ஓட்டை என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விலகிவிடுவார். மிஞ்சுவது ஓட்டைகள். அதைக் கண்டு விலை இன்னும் இறங்கும். தகவல் இல்லாத சந்தையில் நல்லவர்தான் முதலில் தோற்கிறார் என்பதே அதன் சாரம். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அவருக்குக் காரணமான ஆய்வு இந்தத் துறையைச் சேர்ந்தது. படகுக்கு இது காரைவிடப் பன்மடங்கு பொருந்தும், ஏனென்றால் மறைந்திருப்பது இங்கே அதிகம். பத்து வருட ரசீதுகளை வரிசையாகக் கோத்த கோப்பு ஒன்றை மேசைமேல் வைக்கிற விற்பனையாளர், அந்தச் சராசரி விலையிலிருந்து தம் படகைப் பிரித்துக் காட்டுகிறார். மறைத்த குறை எப்படியும் சோதனையில் வெளிவரும். அப்போது அந்தக் குறைக்கு மட்டுமல்ல, இன்னும் வெளிவராத குறைகளுக்கும் சேர்த்து விலை குறைக்கச் சொல்வார்கள். முன்கூட்டியே சொன்ன குறையோ பேசிய விலைக்குள் அடங்கிவிடும்.

இத்தனை செய்தும் தப்புகிற குறை இருக்காதா என்றால், இருக்கும். சர்வேயர் மெத்தைக்கடியில் பார்ப்பார், ஒட்டி மூடிய பலகையை உடைத்துப் பார்க்க முடியாது. டாங்கின் அடிப்பக்கம் பல படகுகளில் எட்டாது. காகிதத்தையும் ஒருவர் போலியாகச் செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் பிடிக்காது என்பது, பிடிப்பதையும் விட்டுவிடக் காரணமாகாது. வில்லங்கச் சான்று எல்லா மோசடியையும் தடுத்துவிடுவதில்லை, அதற்காக அதைப் போட்டுப் பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை. பதிவேடும் பத்திரமும் சோதனையும், வாங்குமுன் படகை நீரில் ஓட்டிப் பார்ப்பதும் நான்கு வெவ்வேறு சாட்சிகள். நான்கும் ஒரே கதையைச் சொன்னால் பொய் சொல்ல இடம் குறைகிறது. ஒன்று முரண்பட்டால் அங்கே நின்று கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைக்கிறது.

தவறாகக் கைமாறும் படகுக்கு இன்னொரு முடிவும் காத்திருக்கிறது. சோதிக்காமல் வாங்கியவர், செலவு தாங்காமல் இன்னும் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அடுத்தவர் அதைவிடக் குறைவாக. கடைசியில் யாரும் வாடகை கட்டாமல் ஏதோ ஓடைச் சேற்றில் படகு கிடக்கும். பைபரை உருக்கி மறுபடி பயன்படுத்த எளிய வழி இல்லை. உடைத்து அப்புறப்படுத்துவதே பெரிய செலவு. பிரான்ஸ் 2019 முதல், புதுப் படகு விற்கும்போதே வசூலிக்கும் பங்கைக் கொண்டு, ஆயுள் முடிந்த உல்லாசப் படகுகளைப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. அந்த ஏற்பாடு வராத இடங்களில் சுமை ஆற்றுக்கும் கரைக்கும் பொதுப்பணத்துக்கும்தான். நேர்மையாகக் கைமாறும் படகு, தன்னைப் பேணத் தெரிந்தவரிடம் போய்ச் சேர்கிறது என்பதால் இது தனிமனிதர் இருவரின் கணக்கோடு முடிவதில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: விற்பனைப் பத்திரத் தொடரையும் வரிச்சீட்டையும் கேளுங்கள், அடையாள எண்ணை ஒத்துப் பாருங்கள், பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள், நீங்களே நியமித்த சர்வேயர் படகைத் தரையில் வைத்துப் பார்க்கட்டும். இதில் ஒன்றுக்கு விற்பவர் மறுத்தால், படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். விற்கப் போகிறவர்கள், விற்கும் எண்ணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். படகு வாங்கிய அன்றே ஒரு கோப்பைத் திறந்து, ரசீதுகளை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். அந்தப் படகைப் பிறகு வாங்கப் போகிற குடும்பம் அதற்குள்தான் தூங்கப் போகிறது.